தம்பி, கிளம்பும் முன் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்காருங்கள்

வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஓஎம்ஆரில் நாலு வருஷமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. வருகிற செப்டம்பரில் இங்கிலாந்தில் யூஎக்ஸ் டிசைன் (தளங்களையும் செயலிகளையும் பயன்படுத்துகிறவருக்குச் சுலபமாக வடிவமைப்பது) மாஸ்டர்ஸ் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. "அக்கா, எனக்கு வரைய வராது. ஃபிக்மா மட்டும் கத்துக்கிட்டு வந்தா போதுமா? அங்க தாக்குப் பிடிக்க முடியுமா?"

தம்பி, நான் மேற்கு மாம்பலத்துக்காரி. இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு வந்து 13 வருஷம் ஆகிறது. அதில் 9 வருஷம் யூஎக்ஸ் ஆய்வாளர் வேலை, பெரும்பாலும் பொதுச் சேவைத் தளங்களுக்கு. பட்டதைச் சொல்கிறேன்.

ஃபிக்மா திரைகளை வடிவமைக்கிற ஒரு மென்பொருள்தான், இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். வரைய வராதது குறையே இல்லை, கட்டம் போட்டு அம்புக்குறி இழுக்கத் தெரிந்தால் போதும். லேசில் வராதது வேறொன்று. ஒருவர் நம் கண் முன்னால் திணறும்போது கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பது.

ஒருவர் தளத்தைப் பயன்படுத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதைத்தான் அமர்வு என்போம். என் முதல் அமர்வு இன்னும் நினைவில் இருக்கிறது. எழுபதைத் தாண்டிய, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், முகவரி மாற்றும் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தார். 'தொடர்க' பொத்தான் திரைக்குக் கீழே போயிருந்தது. அவருக்கு ஸ்க்ரோல் பண்ணத் தோன்றவில்லை. மௌஸைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. பதினைந்து விநாடி பொறுத்தேன், அப்புறம் என் விரல் தானாகத் திரைக்குப் போய், "கீழே இருக்கு பாருங்க" என்று காட்டிவிட்டது. அவர் நன்றி சொல்லி முடித்தார். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, ரொம்பச் சுலபம் என்றார். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். என் குழுத் தலைவி அன்று மாலை ஒரே கேள்விதான் கேட்டார்: "நாளைக்கு அவர் வீட்டில் தனியாக இதை நிரப்பும்போது நீ அங்கே இருப்பாயா?"

பெரியவர் தடுமாறினால் ஓடிப்போய்க் கை கொடுக்கச் சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். அது நல்ல குணம். ஆனால் அமர்வு முடிகிற வரை அதை அடக்கி வைக்க வேண்டும். இங்கே உள்ளவர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்லவும் மாட்டார்கள். அதனால் வாய் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் கை எங்கே நின்றது என்பதை நம்புங்கள்.

இதைப் பழக லண்டன் வரைக்கும் வர வேண்டியதில்லை. உங்கள் தெருமுனையில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் ஜெராக்ஸ் கடை இருக்கும் இல்லையா, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அங்கே நாலு சனிக்கிழமை போய் உட்காருங்கள். போன வருஷம் ஊருக்கு வந்தபோது அப்படி ஒரு கடையில் அரை நாள் இருந்தேன். மகளின் கல்லூரிக்கு ஒரு சான்றிதழ் வேண்டுமென்று பூக்காரம்மா ஒருவர் வந்தார். கடைப் பையன் எல்லாவற்றையும் தட்டி முடித்து, "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்றான். பதிவு செய்திருந்தது மகனுடைய நம்பர். மகன் ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்டில் இருக்கிறான், போன் லாக்கரில். மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அந்த அம்மா படியில் உட்கார்ந்து மிச்சப் பூவைக் கட்ட ஆரம்பித்தார். மடியில் ஒரு பழைய நோட்டு. அதன் அட்டையில் ஆதார் நம்பர், ரேஷன் கார்டு நம்பர், மகன் நம்பர் எல்லாம் இருந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையெழுத்தில்.

ஒரு ஆளுக்கு ஒரு போன், அது எப்போதும் அவர் கையிலேயே இருக்கும் என்று யாரோ எங்கோ ஓர் அறையில் நினைத்துக்கொண்டதன் விலை அந்த அம்மாவின் ஒரு நாள் வியாபாரம். எந்தத் திரையை எவ்வளவு அழகாக்கினாலும் இது சரியாகாது. நீங்கள் படிக்கப் போகிற படிப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: அனுமதி கேட்டுப் பாருங்கள், யாருடைய பெயரையும் நம்பரையும் உங்கள் குறிப்பில் எழுதாதீர்கள்.

பாடத்தில் வரும் பெயர்கள் சில இப்போதே தெரிந்திருக்கட்டும். மனிதரை மையமாக வைத்து வடிவமைப்பதற்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 9241-210. இது 2010இல் வந்து, 2019இல் திருத்தப்பட்டது. ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று யூஎக்ஸ் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். ஐந்து பேர் மொத்தத்துக்கு அல்ல, ஒவ்வொரு சுற்றுக்கும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரிட்டன் அரசு 2011இல் டிஜிட்டல் சேவைக்கென்று தனி அமைப்பு தொடங்கி, 2012 அக்டோபரில் அரசுச் சேவைகளுக்கான கவ்.யூகே (GOV.UK) தளத்தைக் கொண்டுவந்தது. அரசின் டிஜிட்டல் சேவைகள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் அதன் சேவைத் தரத்தில் 14 அம்சங்கள். முதல் அம்சமே பயனரையும் அவர் தேவையையும் புரிந்துகொள்வதுதான். ஐஎஸ்ஓ தரத்தைத் தவிர மற்றதெல்லாம் இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது, விமானம் ஏறுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

கவ்.யூகே தளத்தின் டிசைன் சிஸ்டத்தில் (படிவம், பொத்தான் எல்லாம் எப்படி அமைக்கலாம் என்ற கையேடு) பெயர் கேட்பது பற்றி ஒரு பக்கம் உண்டு. பிரித்துக் கேட்க அவசியம் இல்லையென்றால் முழுப் பெயருக்கு ஒரே கட்டம் போதும் என்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. வந்த புதிதில் ஒரு கிளினிக்கில் "மிஸ் சுந்தரம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அது அப்பாவின் பெயர், அவர் போய்ச் சேர்ந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புரிவதற்குள் என் முறை போய்விட்டது. இனிஷியலோடு வாழ்கிற நமக்கு இரண்டு கட்டத்தில் பெயரை அடைக்கிற வலி தெரியும். வகுப்பில் இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள், அங்கே இது உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயமாக இருக்கலாம்.

இனி, தாக்குப் பிடிப்பது. முதல் வேலை கிடைப்பது கஷ்டம், மழுப்ப விரும்பவில்லை. படிப்பு முடிந்தபின் வேலை தேடத் தரும் கிராஜுவேட் விசா மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கு இரண்டு வருஷமாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். வேலை கிடைக்காமல் திரும்பினாலும் கட்ட முடிகிற அளவுக்கு மட்டும் கடன் வாங்குங்கள். உங்கள் டெஸ்டிங் அனுபவத்தை மறைக்காதீர்கள். எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று பிரித்து எழுதத் தெரிந்தவர் ஆய்வுக்குப் பாதி தயார். போர்ட்ஃபோலியோவில் (வேலை கேட்கும்போது காட்டும் உங்கள் வேலைகளின் தொகுப்பு) இருபது பளபளப்புத் திரைகளைவிட, நீங்கள் பார்த்த ஒரு சிக்கல், மாற்றிப் பார்த்தது, அப்படியும் சரிவராதது என்று ஒரே ஒரு கதை போதும்.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், மனசு சுருங்கும். முதல் குளிர்காலத்தில் அறைக்குள்ளேயே இருக்காதீர்கள்.

எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம் என்று நீங்கள் எழுதவில்லையே? பாடத்திட்டத்தை அனுப்புங்கள், முதல் பருவத்தில் எதை எடுக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். ஜெராக்ஸ் கடைக் குறிப்புகளையும் சேர்த்து அனுப்புங்கள்.