டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் ஏன் பல ஆண்டுகள் இந்தியன் வெல்ஸ் டென்னிஸ் போட்டியின் பக்கமே போகவில்லை?

அது புறக்கணிப்பு. அதாவது ஆட முடிந்தும், நட்டம் தெரிந்தும், வேண்டுமென்றே ஒதுங்கி நிற்பது.

2001-இல் கலிபோர்னியாவில் நடந்த அந்தப் போட்டியில் செரீனாவும் அக்கா வீனஸும் அரையிறுதியில் மோத வேண்டியது. ஆட்டத்துக்குச் சில நிமிடங்கள் முன்பு, முழங்கால் காயம் என்று வீனஸ் விலகினார். அக்கா தங்கையில் யார் ஜெயிப்பது என்று அப்பா ரிச்சர்டே தீர்மானிக்கிறார் என்ற வதந்தி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மெகா சீரியல் தோற்றது போங்கள்! ஆனால் அந்த வதந்தியை யாரும் நிரூபிக்கவில்லை.

இறுதி ஆட்டத்தில், பெரும்பாலும் வெள்ளையர்களாக இருந்த கூட்டம் 19 வயது செரீனாவைக் கூச்சலிட்டு ஏளனம் செய்தது. தன்னை நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள் என்றார் ரிச்சர்டு. கல்யாண வீட்டில் அவமானப்பட்டவர் அந்த வாசலையே மிதிக்காமல் இருப்பாரே, அப்படித்தான் இதுவும். செரீனா 2015-இல்தான் திரும்பினார், வீனஸ் 2016-இல்.

தோற்ற கோபத்தில் போகவில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அன்று கிம் கிளைஸ்டர்ஸை வென்று கோப்பையை வாங்கியவரே செரீனாதான்.