ராகம் தெரிந்தால் ரசனை போய்விடுமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. எட்டு வயதிலிருந்து வயலின் கற்கிறாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது சோகப் பாட்டு கேட்டால் கண் கலங்கிவிடும். இப்போது பாட்டு ஆரம்பித்ததுமே "இது சுபபந்துவராளி, இந்த இடத்துல சுருதி இறங்கிடுச்சு" என்கிறாள். படித்துப் படித்து உணர்ச்சி மரத்துப்போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: மரத்துப்போகவில்லை அம்மா. சுருதி இறங்கியதற்கு முகம் சுளிக்கிறாளே, அதுவும் உணர்ச்சிதான். நீங்கள் எதிர்பார்த்த உணர்ச்சி இல்லை, அவ்வளவுதான்.

மாண்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆன் பிளட், ராபர்ட் சட்டோர் என்ற இருவர் 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கேட்டால் புல்லரிக்கும் இசையை அவரவரே கொண்டுவர வேண்டும். அதைக் கேட்கவைத்து, மூளையில் ரத்தம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். வந்த 10 பேரும் குறைந்தது 8 ஆண்டு இசை படித்தவர்கள். படிப்பு உணர்ச்சியைக் கொல்லும் என்றால் அங்கே ஒருவருக்கும் சிலிர்த்திருக்கக் கூடாது. சிலிர்த்தது. இதயத் துடிப்பும் மூச்சும் வேகமெடுத்தன. சாப்பாடு கிடைத்தால் மகிழ்கிற அதே மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டன. ஒருவரை உருக்கிய இசையை இன்னொருவருக்குப் போட்டபோது அந்த மாயம் நடக்கவில்லை. அதனால் நீங்கள் அழுகிற பாட்டுக்கு மகளும் அழ வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பத்து வருடம் கழித்து அதே ஊரில் வலோரி சலிம்பூர் என்பவர் சட்டோருடன் சேர்ந்து இன்னொன்றைக் கண்டுபிடித்தார். புல்லரிக்கும் கணத்தில் மூளையில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள ரசாயனம் சுரக்கிறது. ஆனால் அதற்குச் சற்று முன்பே, 'இதோ வரப்போகிறது' என்று காத்திருக்கும் நொடிகளிலும், வேறொரு பகுதியில் அது சுரக்கிறது. எனக்கு இதுதான் விஷயத்தின் மையமாகப் படுகிறது. பாடகர் மேல் ஷட்ஜத்தை (மேல் 'ஸ') தொடாமல் அதற்கு முந்தைய ஸ்வரமான நிஷாதத்திலேயே ('நி') சுற்றிச் சுற்றி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி இல்லாதவருக்கு அது அழகான குரல். தெரிந்தவருக்கோ 'தொடுவாரா, இன்னும் இழுப்பாரா' என்ற தவிப்பு. தொட்டதும் சபையில் யார் முதலில் "ஆஹா" என்கிறார்கள் என்று கவனியுங்கள். அவர் முன்கூட்டியே அங்கே போய்க் காத்திருந்தவர்.

அப்புறம், வாத்தியம் வாசிப்பவர் காதால் மட்டும் கேட்பதில்லை. பியானோ வாசிப்பவர்கள் தமக்குத் தெரிந்த பாடத்தைச் சும்மா உட்கார்ந்து கேட்டாலும், மூளையில் விரல்களை அசைக்கும் பகுதி வேலை செய்கிறது. மருத்துவக் கல்லூரியில் உடலியல் நடத்திக்கொண்டே மாலையில் வயலினைத் தேய்த்தவன் என்பதால் இதை நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. சஹானா ராகத்தில் மத்யமத்திலிருந்து ('ம') விரலைச் சறுக்கிக் காந்தாரத்துக்கு ('க') இறக்கும் இடம் வந்தால், பேருந்தில் யாரோ போனில் போட்டுக் கேட்டால்கூட என் இடதுகை ஆள்காட்டி விரல் தானாக அழுந்தும். நெகிழ்ச்சி அந்த விரல் வழியாகவும்தான் வருகிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் இமானுவல் பிகாண்ட் குழுவினர் இசை படித்தவர்களிடமும் படிக்காதவர்களிடமும் இசைத் துணுக்குகளைக் கொடுத்து, ஒரே மாதிரி உணர்வு தருபவற்றைச் சேர்த்து அடுக்கச் சொன்னார்கள். இரு சாராரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் அடுக்கினார்கள். ஒரு நொடித் துணுக்கே போதுமானதாக இருந்தது. ராகலட்சணம் தெரியாதவனுக்குக் கச்சேரியில் என்ன புரியும் என்று முன்வரிசையில் அலட்டுகிறவர்களுக்கு இந்த முடிவு பிடிக்காது. எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மகள் ராகம் சொல்லும்போது தடுக்காதீர்கள். புதிதாகக் கற்றதை எல்லாவற்றிலும் பொருத்திப் பார்க்கிற வயது. "சரி, அந்த ஒரு வரியை எனக்காக வாசியேன்" என்று கேளுங்கள். வாசிக்கும்போது முகத்தைப் பாருங்கள். பரீட்சை, கிரேடு என்று யாராவது நெருக்குகிறார்களா என்பதையும் விசாரியுங்கள். ரசனையை வற்றவைப்பது பெரும்பாலும் அதுதான், ஸ்வரஞானம் இல்லை.

கேள்வி: எந்தப் பாட்டும் என்னை ஒன்றும் செய்வதில்லை. இசை கற்றால் மாறுமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014-இல் உங்களைப் போன்றவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பணம் கிடைத்தால் மற்றவர்களைப் போலவே மகிழ்வார்கள், இசை மட்டும் இன்பம் தராது. இது நோய் அல்ல. கணக்குப் போடப் பிடித்தால் தாளம் கற்றுக்கொள்ளுங்கள். உருகுவதற்காக என்றால் ஃபீஸ் கட்ட வேண்டாம்.

கேள்வி: என் மாமியார் பாட்டு டீச்சர். நான் "சரி அத்தை" என்று சொன்னாலே அதில் கோபமா, சலிப்பா என்று கண்டுபிடித்துவிடுகிறார். பாட்டுப் பயிற்சிதான் காரணமா?
– ஒரு மருமகள், மதுரை

பதில்: இருக்கலாம். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நினா கிராஸின் ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியான ஆய்வுக்காக ஒரு குழந்தையின் அழுகையைப் பலருக்குப் போட்டுக்காட்டியது. தலையில் ஒட்டிய மின்வாய்கள், மூளையின் அடியில் தண்டுவடத்தோடு இணையும் பகுதியான மூளைத்தண்டின் எதிர்வினையைப் பதிவுசெய்தன. இசைக்கலைஞர்களின் மூளைத்தண்டு அழுகையின் எளிய பகுதிக்குச் சிக்கனமாகவும், ஒலி சிக்கலாக நெளியும் பகுதிக்கு வலுவாகவும் பதில் தந்தது. யோசித்துப் புரிந்துகொள்வதற்கு முன்பே நடக்கிற வேலை இது. அதனால் உங்கள் அத்தை வேண்டுமென்றே துருவுகிறார் என்று சொல்ல முடியாது.

2004-இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஓராண்டு கீபோர்டு சொல்லிக்கொடுத்தார்கள். எதுவும் கற்காத பிள்ளைகளைவிட அவர்கள் குரலில் உள்ள உணர்ச்சியை நன்றாகக் கண்டுபிடித்தார்கள். அதே ஆய்வில் நாடகம் கற்ற பிள்ளைகளும் அதற்குச் சமமாகத் தேறினார்கள். உங்கள் தெருவில் நாடக வகுப்பு ஏதாவது நடக்கிறதா, பாருங்கள்.