வியாசர்பாடி நண்பருக்கு: அந்த நெற்றிப்பட்டையை வாங்காதீர்கள்

ஏ.எல்.எஸ் (தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய்) வந்து பேச்சு நின்றுபோன அப்பாவுக்கு, "நினைப்பதைப் படிக்கும்" நெற்றிப்பட்டையை 40 ஆயிரம் கொடுத்து வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

மூளையின் மின்சைகை மண்டையோட்டைத் தாண்டி வெளியே வருவதற்குள் மங்கிக் கலங்கிவிடும். ஒரு கண்சிமிட்டலே அதை அமுக்கிவிடும். அதிலிருந்து வார்த்தைகளைப் பிரித்தெடுக்க முடியாது. மூளையிலிருந்தே பேச்சு வந்ததாக நீங்கள் பார்த்த செய்தி வேறு. 2023-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஏ.எல்.எஸ் நோயாளி ஒருவரின் மூளைக்குள்ளேயே 256 மின்முனைகளைப் பொருத்தினார்கள். அவர் பேச முயன்ற சொற்கள் 97 சதவீதம் வரை சரியாக வந்தன, ஆங்கிலத்தில். அதுவும் மனதைப் படித்ததல்ல, வாயை அசைக்கச் சொல்லும் கட்டளையைப் படித்தது. இன்னும் ஆய்வு நிலைதான், கடையில் கிடைக்காது.

அப்பாவுக்குக் கண் அசைகிறது என்றீர்களே, அது பெரிய விஷயம். என் பெரியப்பாவுக்குத் தண்டையார்பேட்டையில் நாங்கள் செய்தது இதுதான். 247 எழுத்தையும் அட்டையில் போடவில்லை. "வல்லினமா? மெல்லினமா? இடையினமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்போம், ஆமென்றால் இமைப்பார். அப்புறம் அந்த இனத்தின் ஆறு எழுத்து, பிறகு உயிர். முதல் நாள் அவர் சொன்னது "தலையணை". கழுத்து வலியோடு எத்தனை நாள் கிடந்தாரோ!

இன்றே ஆரம்பியுங்கள். கண் அசைவைப் பின்தொடரும் கருவி அவருக்கு ஒத்துவருமா என்று ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் கேளுங்கள்.