வியன்னாவுல ஒரு செங்கல் கோட்டை

கேள்வி: மகன் வியன்னாவுல இருக்கான். அவன் தங்கியிருக்குற ஏரியா பேரே ஆர்சனலாம், கோட்டை மாதிரி செங்கல் கட்டடமா போட்டோ அனுப்புனான். யாரு கட்டுனது, எதுக்கு? – ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, அது ஆஸ்திரிய ராணுவத்தோட பழைய ஆயுதச்சாலை. வெளிநாட்டு எதிரிக்குப் பயந்து கட்டல, சொந்த ஊர் ஜனங்களுக்குப் பயந்து கட்டுனது! 1848 அக்டோபர்ல ஜனங்க கொதிச்சுப்போய் போர் மந்திரி லாட்டூரை அடிச்சுக் கொன்னு விளக்குக் கம்பத்துல தொங்கவிட்டு, நகரத்துக்குள்ள இருந்த ஆயுதக் கிடங்கையும் உடைச்சு துப்பாக்கிய அள்ளிட்டுப் போயிட்டாங்க, அதுக்கப்புறம்தான் 1849-ல ஊருக்கு வெளிய வேலைய ஆரம்பிச்சு 1856-க்குள்ள 31 கட்டடம் எழுப்புனாங்க, துப்பாக்கி தொழிற்சாலை, பீரங்கிப் பட்டறை, சிப்பாய்ங்க தங்குற இடம்னு எல்லாமே ஒரே வளாகத்துல.

நம்ம செட்டிநாட்டு வீட்டுல செங்கல் மேல சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி கண்ணாடியா மினுக்குவோம்ல, அங்க பூச்சே இல்லாம செங்கலையே அழகா அடுக்கிக் காட்டியிருக்காங்க.

இப்ப அங்க ராணுவ மியூசியம் இருக்கு, அதுக்குன்னே ஹான்சன்ங்கிற கட்டடக் கலைஞர் வடிவமைச்ச கட்டடம். நீங்க போனா அதை மட்டும் விட்றாதீங்க. 1914-ல சரயேவோ நகரத்துல ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டை சுட்டப்ப அவர் போன கார் அங்கதான் நிக்குது, பக்கவாட்டுல குண்டு துளைச்ச ஓட்டை அப்படியே தெரியும், பக்கத்துலயே ரத்தக்கறையோட அவர் போட்டிருந்த வெளிர்நீல சட்டை.