ஆறாவது தடவை ஏன் போகவில்லை?

கேள்வி: என் கணவருக்கு வயது 59. வங்கியில் விருப்ப ஓய்வு பெற்றவர். மூன்று மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். வாரம் மூன்று நாள் வீதம் 12 வாரம் கார்டியாக் ரீஹேபுக்கு, அதாவது இதயம் தேற ஆஸ்பத்திரியில் கண்காணித்துத் தரும் பயிற்சிக்கு, வரச் சொன்னார் டாக்டர். ஐந்து தடவை போனார், அப்புறம் நிறுத்திவிட்டார். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். பேப்பரைத் தொடுவதில்லை, சாப்பாட்டில் பிடிப்பில்லை. கேட்டால், “அந்தச் செலவைக் கல்யாணத்துக்கு வை” என்கிறார். 28 வயது மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால் வெளியில் முதுகுத்தண்டு வலி என்றுதான் சொல்லியிருக்கிறோம். ரீஹேபில் ஒருநாள் அங்கே பயிற்சிக்கு வந்திருந்த என் ஒன்றுவிட்ட அண்ணன் இவரைப் பார்த்துவிட்டார். நல்லவேளை, யாரையோ பார்க்க வந்ததாகச் சொல்லி இவர் சமாளித்துவிட்டார். இது சோம்பலா, பிடிவாதமா? உங்கள் பக்கத்தை அவர் முன்பெல்லாம் விடாமல் படிப்பார். உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை எழுதுங்கள்.
- வாசகி, திருச்சி

பதில்: எழுதுகிறேன் அம்மா. ஆனால் உங்களுக்கு எழுதுகிறேன். அவரிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் அண்ணனை அவர் பார்த்தது எந்த நாள்? கடிதத்தில் இல்லை. ஐந்தாவது தடவை போன அன்றைக்குத்தான் என்று நான் பந்தயம் கட்டுவேன். ஷூ மாட்டிக்கொண்டு, நெஞ்சில் ஈசிஜி ஒயர் ஒட்டக் காத்திருக்கும் இடத்தில் மச்சானைப் பார்க்கிறார். அந்த மச்சானும் இதய நோயாளிதான். அவர் ஒளிக்கவில்லை, ராஜா மாதிரி வந்து போகிறார். உங்கள் வீட்டுக்காரர் மட்டும், வாழ்நாளெல்லாம் கணக்கில் பைசா பிசகாமல் இருந்த மனிதர், பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறார். அதை நீங்கள் ‘நல்லவேளை’ என்கிறீர்கள். அவர் ஏன் மறுபடி போகவில்லை என்று என்னைக் கேட்கிறீர்கள்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்று நம் வீடுகளில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அது என்றைக்குமே பிடித்ததில்லை. அந்த ஆயிரத்தையும் யார் தலையில் கட்டுகிறோம் என்று யாரும் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டில் நோயாளியின் தலையில் கட்டியிருக்கிறீர்கள். இருதயம் கொஞ்சம் அடிபட்டுத் தேறிவரும் நேரத்தில், நீ வெளியில் தெரிந்தால் மகளுக்கு வாழ்க்கை அமையாது என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது. வாயைத் திறந்து சொல்லியிருக்க மாட்டீர்கள். முதுகுவலி என்று நீங்கள் பக்கத்து வீட்டில் சொல்வதை அவர் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்? ‘செலவைக் கல்யாணத்துக்கு வை’ என்பது அங்கிருந்து வருகிற பேச்சு. தன்னை ஒரு தண்டச்செலவாக எழுதி முடித்துவிட்டார்.

சோம்பேறிக்கு மூன்று மணிக்கு விழிப்பு வராது. அதிகாலை விழிப்பு, பசியின்மை, பிடித்தது எதிலும் ஈடுபாடு போனது, இது மூன்றும் சேர்ந்தால் மனச்சோர்வா என்று டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இது வருகிறது. கனடாவில் மாண்ட்ரியாலில் மாரடைப்பு வந்த 222 பேரைக் கவனித்து 1993-ல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு இருந்தவர்கள் முதல் ஆறு மாதத்துக்குள் இறந்துபோகும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு என்று தெரிந்தது. அமெரிக்க இதயச் சங்கம் 2014-ல் இதை ஒரு ஆபத்துக் காரணியாகவே சேர்க்கச் சொல்லிவிட்டது. மனச்சோர்வு வந்தவர்கள்தான் ரீஹேபுக்கு அதிகம் வராமல் இருப்பவர்கள், வந்தாலும் பாதியில் நிற்பவர்கள். ஆனால் தொடர்ந்து போகிறவர்களுக்கு அந்தப் பயிற்சியே மனதையும் தூக்கிவிடுகிறது. யாருக்கு அதிகம் தேவையோ அவர்தான் வாசல்படி தாண்டமாட்டார். இதுதான் இதில் உள்ள கொடுமை.

அடுத்த செக்கப்புக்கு நீங்களும் கூடப் போங்கள். “ரீஹேபுக்குப் போகமாட்டேன் என்கிறார் டாக்டர், நீங்களே சொல்லுங்கள்” என்று புகார் வாசிக்காதீர்கள். தூக்கம், சாப்பாடு, பேப்பர், அந்தக் கல்யாணச் செலவுப் பேச்சு, எல்லாவற்றையும் சொல்லுங்கள். கடந்த இரண்டு வாரமாக எதிலும் ஆர்வம் இல்லாமல் இருக்கிறதா, மனது தாழ்ந்து நம்பிக்கை போனமாதிரி இருக்கிறதா என்று இரண்டே கேள்வியில் தொடங்குவார்கள். மாத்திரை வேண்டுமென்றால் பயப்படாதீர்கள். பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகள் சில இதயத்துக்கு ஆகாது, அதனால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வேலை வேண்டாம். செர்ட்ராலின் போன்றவை இதய நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தவை. அதோடு வீட்டில் மாத்திரை அட்டைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மனம் விட்டுப்போனவர்கள் முதலில் விடுவது மாத்திரையை. ஸ்டென்ட் வைத்த முதல் வருடத்தில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டிலேயே அடைப்பு வரலாம்.

இன்னொன்று, இன்றைக்கே. “உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லையா?” என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால், அல்லது பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால், செக்கப் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

டிரெட்மில்தான் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த கிட்டத்தட்ட 4,000 பேரை வைத்து யோகா வழியிலான ரீஹேபைச் சோதித்து 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். அடுத்த மாரடைப்பையோ சாவையோ அது குறைத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பழைய வேலைகளுக்குத் திரும்பவும், உடம்பு தேவலை என்று உணரவும் உதவியிருக்கிறது. மூன்று மாதம் ஓடிவிட்டதே என்று விட்டுவிடாமல், எங்கே விட்டாரோ அங்கிருந்து தொடரலாமா என்று கேளுங்கள்.

ஆனால் பொய்யை எடுக்காமல் இதில் எதையும் செய்து பயனில்லை. முதலில் உங்கள் அண்ணனுக்கு போன் போட்டு உண்மையைச் சொல்லுங்கள். எந்த நாளில் போகிறார் என்று கேளுங்கள், மச்சானும் மச்சானும் ஒரே ஆட்டோவில் போய்வரட்டும். அவருக்கு நான் எழுதுகிற நாலு வார்த்தையைவிட அந்த ஆட்டோவில் பேசுகிற பேச்சு உதவும்.

மகளைக் கேட்டீர்களா? முதுகுவலிக் கதை அவளுக்குச் சம்மதமா? கடிதத்தில் அவள் வயது இருக்கிறது, அவள் சொன்ன ஒரு சொல் இல்லை. அப்பாவை ஒளித்துவைத்து எனக்குத் தாலி வேண்டாம் என்று சொல்கிற பெண்ணாகத்தான் பெரும்பாலும் இருப்பாள்.

வரன் வீட்டார் பரம்பரை நோய் என்று பின்வாங்குவார்கள் என்பது உங்கள் பயம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்தால்தான் டாக்டர்கள் அதைக் குடும்ப வரலாறாகக் கணக்கில் எடுப்பார்கள். இவருக்கு 59. கேட்கிறவர்களிடம் இதையே சொல்லுங்கள். சொன்ன பிறகும் ஒரு குடும்பம் நகர்ந்து போகிறதென்றால், நாளைக்கு உங்கள் மகள் காய்ச்சலில் படுத்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை பெண் பார்க்க வருகிறவர்களிடம் அவரே சொல்லட்டும், “எனக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, வாரம் மூன்று நாள் காலையில் பயிற்சிக்குப் போகிறேன், அந்த நாட்களில் மட்டும் வராதீர்கள்” என்று.