கல்வெட்டு எழுதிய கையால் சொந்தக் கதை

கேள்வி: பத்திரிகையாளராக இருப்பவருக்குத் தன் குடும்பத்தின் கதையை எழுதுவது சுலபமா?

எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. பத்திரிகை வேலையே இடைஞ்சலாக வந்து நின்றது.

1991இல் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்தேன். பொருளாதாரத் தடைக் காலம். அச்சுக் கடதாசி இல்லாமல் கோடு போட்ட கொப்பித் தாளிலும் பேப்பர் அடித்தார்கள். மின்சாரம் கிடையாது, ஜாம் போத்தல் விளக்கில் புரூவ் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். பிறகு நிருபரானேன். சம்பளம் போதாததால் பக்கத்தில் கல்வெட்டும் எழுதிக் கொடுத்தேன்.

தமிழ்நாட்டு வாசகர்கள் கல்லைத் தேட வேண்டாம். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்தைத்தான் நாங்கள் கல்வெட்டு என்போம். தேவாரம், திதி வெண்பா, வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, மனைவி மக்கள் புலம்பல் எல்லாம் அதில் இருக்கும். ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத்தளத்தில் ஏராளமாக மின்வருடி வைத்திருக்கிறார்கள், பாருங்கள். நான் எழுதிய கல்வெட்டுகளில் இறந்தவர் எல்லோருமே இன்முகத்தோடு விருந்தோம்பியவர்கள். குடித்துக் காணி விற்றவரும்தான்.

அம்மா இறந்தபோது அவருக்கும் நானே எழுதினேன். அச்சாகி வந்ததை வாசித்தால் யாரோ ஒரு மனுசியைப் பற்றி இருந்தது. அந்தக் கூச்சத்தில்தான் புத்தகம் தொடங்கினேன்.

முதலில் எடுத்தது அம்மாவின் உறுதிப் பையை. காணி உறுதிகள், அதாவது நிலப் பத்திரங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி சொத்து மூன்று வகை: பரம்பரையாக வரும் முதுசொம், பெண்ணுக்குக் கலியாணத்தில் கொடுக்கும் சீதனம், கலியாணத்துக்குப் பிறகு தேடிய தேடியதேட்டம். சீதன உறுதிகளை மட்டும் வரிசையாக அடுக்கினேன். அம்மா, அம்மம்மா, அவரின் தாய் என்று பெண்களாகவே பின்னுக்குப் போனது. நான் கல்வெட்டுகளில் போட்ட வம்சாவளி எல்லாம் பாட்டன், பூட்டன் என்று ஆண்களாகவே போயிருந்தது. இத்தனை வருடம் அது கண்ணில் படவில்லை.

அப்புறம் 1995 ஒக்டோபர் 30. போரால் யாழ்ப்பாண நகரை அடக்கிய வலிகாமமே கிழக்கே தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்த நாள். எங்கள் வீட்டார் போகும்போது நான் கூட இல்லை, அலுவலகச் சாமான் ஏற்றிக்கொண்டு நின்றேன். ஊரின் இடம்பெயர்வைப் பிறகு எத்தனையோ தடவை எழுதியவன், என் வீட்டு இடம்பெயர்வைப் பிறரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. நாவற்குழிப் பாலத்தை விடிய முதல் கடந்தோம் என்கிறார் பெரியம்மா. இல்லை, மத்தியானம் என்று ரொறன்ரோவிலிருந்து மாமா வாட்ஸ்அப்பில் பதினொரு நிமிடக் குரல்பதிவு அனுப்பினார். அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு போனது தான்தான் என்கிறார் மாமா. பெரியப்பாதான் என்கிறார் பெரியம்மா. பெரியப்பா இப்போது இல்லை.

எதையும் இரண்டு பேரிடம் கேட்டு உறுதிப்படுத்து என்று பழக்கியிருந்தார்கள். இரண்டு பேரும் உறுதியாகத்தான் சொன்னார்கள், வேறு வேறாக. வேறு வழி தெரியாமல் ‘என்று கூறப்படுகிறது’ போட்டு வைத்தேன். வாசித்துக் காட்டியபோது பெரியம்மா கேட்டார்:

“ஆர் கூறினது? நான்தானே உனக்குச் சொன்னனான்!”

சரி என்று அந்தச் சொல்லைப் புத்தகம் முழுவதும் வெட்டினேன். இரண்டு கதையையும் அவரவர் வாயாலேயே விட்டுவிட்டேன். புத்தகத்தில் அம்மம்மா இரண்டு சைக்கிளில் போகிறார்.

மச்சான் ஒருவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. அவருடைய தகப்பன் தன் தங்கச்சியின் சீதனக் காணியை ஈடு வைத்ததை எழுதியிருந்தேன். பத்திரம் கையில் இருந்தது, பொய் இல்லை. “பெட்டிக்குள்ள கிடக்கிறது வேற, புத்தகத்தில கிடக்கிறது வேற” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. செய்தியில் வரும் ஆளை மறுநாள் நான் பார்க்கத் தேவையில்லை. மச்சானைக் கோயில் திருவிழாவில் பார்த்தாக வேண்டும்.

வருமானத்தையும் கேட்பீர்கள். சொந்தக் காசில் 200 பிரதி அடித்தேன். விற்றது 60.

பெரியம்மா பூதக்கண்ணாடி வைத்து ஒரு கிழமையாக வாசித்தார். பிறகு கூப்பிட்டு, “வடக்கெல்லை ஒழுங்கை எண்டு போட்டிருக்கிறாய். ஒழுங்கை கிழக்கிலயெல்லோ கிடக்கு” என்றார். உறுதியை எடுத்துப் பார்த்தேன். கிழக்குத்தான். ஒப்புநோக்குநராகத் தொடங்கியவன் விட்ட பிழை. மீதி 140 பிரதியையும் விறாந்தையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பேனையால் திருத்தினேன்.