காசுக்கு ஆடினால் மட்டமா?

கேள்வி: அமெரிக்க பில்லியர்ட்ஸ் வீரர் வில்லி ஹாப்பியைப் போன இதழில் வானளாவப் புகழ்ந்திருந்தீர்கள். சிறு வயதிலிருந்தே காசுக்கு ஆடியவர் அவர். அதே காலத்தில் சல்லிக்காசு வாங்காமல் ஆடிய அமெச்சூர் சாம்பியன்கள் அல்லவா மேலானவர்கள்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஒப்புக்கொள்ள மாட்டேன். சோற்றுக்குக் கவலையில்லாதவர்தான் காசு வேண்டாம் என்று சொல்ல முடியும். ஹாப்பி 1887-இல், நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் நதிக்கரை ஊரில் பிறந்தவர். அப்பா சின்ன ஹோட்டல் நடத்தினார். அங்கிருந்த மேஜையில், எட்டாத பையனைப் பெட்டி மேல் ஏற்றிவிட்டு ஆடப் பழக்கினார். உயரம் போதாமல் கோலைப் பக்கவாட்டில் வீசிய பழக்கம் ஹாப்பியைக் கடைசிவரை விடவில்லை. பிள்ளையை ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் காட்சி நடத்திய அப்பாவைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். பிள்ளை என்ன செய்வான்?

அவர் ஆடிய மேஜையில் குழிகளே கிடையாது. மூன்றே பந்துகள். தன் பந்தால் மற்ற இரண்டையும் தொட்டால் ஒரு புள்ளி. அந்த இரண்டையும் ஓரமாக ஒட்டி வைத்துக்கொண்டு கெட்டிக்காரர்கள் நூற்றுக்கணக்கில் புள்ளி குவித்தார்கள். அதைத் தடுக்கத்தான் விளிம்பிலிருந்து 18 அங்குலத்தில் கோடு போட்டு மேஜையைக் கட்டங்களாகப் பிரித்தார்கள். 18.1 என்ற ஆட்டத்தில் இரண்டும் ஒரே கட்டத்துக்குள் சிக்கினால், அடுத்த அடியிலேயே ஒன்றையாவது வெளியே தள்ளியாக வேண்டும். தள்ளிய பந்து அடுத்த அடிக்குத் தோதாகத் திரும்பி வரவும் வேண்டும். இந்தக் கடினமான ஆட்டத்தில்தான் 1906 ஜனவரியில், பாரிஸில், 18 வயது ஹாப்பி பிரான்ஸின் முதுபெரும் சாம்பியன் மோரிஸ் விஞ்ஞோவை 500–323 என்று வென்றார்.

சரி, அமெச்சூர்களுக்கு வருவோம். 1908-இல் அமெரிக்க அமெச்சூர் சாம்பியனான சிகாகோக்காரர் கால்வின் டெமரெஸ்ட், பிறகு தொழில்முறைக்கு மாறினார். மாறிய அன்றே அவர் கை மட்டமாகிவிட்டதா?

பாரிஸ் வெற்றியைவிட நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. கோடு போட்ட ஆட்டத்துக்கு மவுசு குறைந்தபோது, ஹாப்பி வீட்டில் உட்காரவில்லை. இரண்டாவது பந்தைத் தொடுவதற்குள் தன் பந்து மூன்று முறையாவது விளிம்பில் மோதியாக வேண்டும் என்கிற த்ரீ-குஷன் ஆட்டத்துக்குப் போனார். 1940 உலகப் போட்டியில், 52 வயதில், 20 ஆட்டங்களையும் வென்றார். 1952-இல்தான் ஓய்வு பெற்றார். அந்த 20-இல் எந்த ஆட்டத்தைக் காசுக்காக ஆடியது என்று தள்ளிவைக்கப் போகிறீர்கள்?